சக்காராவில் தொடங்கி கீசாவில் முடியும் ஒரு நாள்: எகிப்தின் கல்லறைகளையும் பிரமிடுகளையும் பார்க்க முழுமையான வழிகாட்டி

கெய்ரோவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் முதல் வேலையாகக் கீசாவுக்குப் போகிறார்கள். பெரிய பிரமிடுக்குள் ஏறி இறங்கி, ஒட்டகத்தோடு படம் எடுத்துக்கொண்டு, நேரம் மிஞ்சினால் சக்காராவை எட்டிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். பிரமிடுகள் கட்டப்பட்ட வரிசை சக்காரா, தாஷூர், கீசா. அதே வரிசையில் போனால், செங்கல் அளவுக் கல்லை அடுக்கத் தெரிந்த மக்கள் நூறு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் எங்கே தடுமாறினார்கள், அதை எப்படிச் சரிசெய்தார்கள், 146 மீட்டர் உயரத்துக்கு எப்படிப் போனார்கள் என்பதைக் கல்லிலேயே படித்துவிடலாம். கீசாவை முதலில் பார்த்தவருக்குத் தாஷூரின் வளைந்த பிரமிடு கோணலாய்ப் போன கட்டடமாகத்தான் தெரியும்.

மூன்று இடங்களும் நைல் ஆற்றின் மேற்குக் கரையில், பாலைவனம் தொடங்கும் விளிம்பில் இருக்கின்றன. கீசாவிலிருந்து சக்காரா தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து தாஷூர் இன்னும் 10 கிலோமீட்டர். சூரியன் மறையும் மேற்குத் திசை இறந்தவர்களின் திசை என்பது பண்டைய எகிப்தியரின் நம்பிக்கை. அன்று முழுக்கப் பார்க்கப்போகும் கல்லறைகளில் பொய்வாசல்கள் (கல்லில் செதுக்கிய, திறக்காத கதவுகள்) எல்லாம் மேற்குச் சுவரிலேயே இருப்பதற்கும் அதுதான் காரணம்.

முதல் நாள் இரவே முடிக்க வேண்டியவை

வண்டி: நாள் முழுவதற்கும் ஒரே காரைப் பேசிக்கொள்ளுங்கள். செயலியில் அழைக்கும் டாக்சி சக்காராவுக்குப் போகும். ஆனால் தாஷூரில் திரும்பி வர வண்டி கிடைப்பது கடினம். சக்காராவுக்குள்ளேயே ஒரு கல்லறைத் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் வண்டி வேண்டும். காத்திருப்பு, பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். “கம்பளக் கடை, பாப்பிரஸ் கடை, வாசனைத் தைலக் கடை எதற்கும் போக வேண்டாம்” என்று கிளம்பும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சக்காரா சாலையில் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக உள்ளன. கூட்டி வரும் ஓட்டுநருக்குத் தரகு உண்டு. ஒரு கடைக்குள் நுழைந்தாலும் முக்கால் மணி நேரம் போய்விடும். இந்த நாளில் அதற்கு இடமில்லை.

பணம்: தொல்லியல் தளங்களின் டிக்கெட் கவுண்டர்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டைகள்தான். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டு, இரண்டு வெவ்வேறு வங்கி அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். அட்டை மறுக்கப்பட்டு வாசலிலேயே நிற்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. தேநீர், கழிவறை, கல்லறைக் காவலருக்கு அன்பளிப்பாகத் தரும் பக்‌ஷீஷ் ஆகியவற்றுக்கு 10, 20 எகிப்திய பவுண்டு தாள்களைத் தனியே ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாளை நீட்டினால் சில்லறை திரும்பாது.

பொருட்கள்: ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, மூக்கை மூட ஒரு பருத்தித் துணி, பிடிப்புள்ள மூடிய காலணி, சிறிய டார்ச், துடைப்புத் தாள். செருப்பு வேண்டாம்: மணலில் சுடும், மரச் சரிவுகளில் வழுக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று மட்டும் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது; தூசி அவ்வளவு. முதுகுப்பை சிறியதாக இருக்கட்டும், சுரங்கவழிகளில் அதை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். ட்ரோனை நாட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், பறிமுதல் ஆகும்.

பருவம்: அக்டோபர் முதல் மார்ச் வரை சிறந்தது. மார்ச் முதல் மே வரை கம்சீன் என்ற மணற்காற்று சில நாட்கள் வீசும். அன்று பத்தடி தூரம் தெரியாது. வெள்ளிக்கிழமையும் பள்ளி விடுமுறை நாட்களும் உள்ளூர்க் கூட்டம் நிரம்பியவை. ரமலான் மாதத்தில் தளங்கள் சீக்கிரமே மூடப்படும். குளிர்காலத்தில் மாலை 4 மணிவாக்கில் மூடிவிடுவதால், டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் விற்பனை மூடும் நேரத்துக்கு முன்பே நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உடம்பு: மூட்டுவலி, இதயக் கோளாறு, ஆஸ்துமா, மூடிய இடங்களைக் கண்டால் பயம் ஆகியவை உள்ளவர்கள் பிரமிடுகளின் உள்வழிகளை விட்டுவிடலாம். மஸ்தபா என்ற செவ்வக மேடைக் கல்லறைகள் தரைமட்டத்தில் இருப்பவை, நிமிர்ந்தே நடக்கலாம். இந்த நாளின் மிகச் சிறந்த காட்சிகள் அவற்றுக்குள்தான் உள்ளன. எனவே உள்வழி ஏறாதவர்களுக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

காலை 6.30: புறப்பாடு. 8 மணி: சக்காரா

வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் ஒன்பதரை வாக்கில்தான் வந்து சேரும். பொது டிக்கெட்டைத் தவிர, சில கல்லறைகளுக்கும் படிப் பிரமிடின் உட்புறத்துக்கும் காளைகளைப் புதைத்த செராபியம் என்ற சுரங்கத்துக்கும் தனி டிக்கெட் உண்டு. கல்லறை வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது, முகப்புக் கவுண்டருக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். அன்று எவை திறந்திருக்கின்றன என்று கேட்டு, வேண்டியவற்றை அங்கேயே வாங்கிவிடுங்கள். கல்லறைகளைச் சுழற்சி முறையில் மூடித் திறப்பதால், ஒன்று மூடியிருந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

முதலில் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடு. மூன்றாம் வம்சம், கி.மு. 2650 வாக்கில் கட்டியது, கட்டடக்கலைஞர் இம்ஹோதெப். நேராகப் பிரமிடை நோக்கி நடக்காதீர்கள், சுற்றுமதிலின் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். சுமார் 10 மீட்டர் உயரமும் 1,600 மீட்டருக்கு மேல் சுற்றளவும் கொண்ட அந்த மதிலில் 15 வாசல்கள் தெரியும். அவற்றில் 14 பொய். மூலைக்கு அருகிலுள்ள ஒன்று மட்டுமே உண்மை வாசல்.

உள்ளே நுழைந்ததும் நின்று மேலே பாருங்கள். கூரைக் கற்களின் அடிப்புறத்தை மர உருளைகள் அடுக்கியதுபோல் உருட்டிச் செதுக்கியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, திறந்து வைத்த கதவு ஒன்று சுவரோடு சாய்ந்து நிற்கும். அதுவும் கல்தான், ஒருநாளும் அசைந்ததில்லை. அடுத்து வரும் தூண் மண்டபத்தில் இருபுறமும் இருபது இருபதாக நிற்கும் தூண்கள் நாணல் கட்டுகளின் வடிவில் இருக்கின்றன. ஒவ்வொரு தூணும் குட்டையான ஒரு குறுக்குச் சுவரால் பக்கச் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மரத்திலும் நாணலிலும் மண்ணிலும் கட்டிப் பழகியவர்கள் முதல் தடவையாகக் கல்லில் இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள். கல்தூண் தனியே நின்று கூரையைத் தாங்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

முற்றத்துக்கு வந்து பிரமிடைப் பாருங்கள். ஆறு படிகள், ஏறத்தாழ 62 மீட்டர் உயரம். தொடக்கத்தில் இது தட்டையான ஒரு மஸ்தபா. அதை அகலப்படுத்தினார்கள், பிறகு அதன்மேல் நான்கு படிகள் வந்தன, கடைசியில் ஆறாயின. கிழக்குப் பக்கமாகத் தென்கிழக்கு மூலைக்குப் போய், வெளிக்கல் உதிர்ந்த இடத்தில் பழைய மஸ்தபாவின் விளிம்பைத் தேடிப் பாருங்கள். கற்களின் அளவையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: சிறியவை, ஓரிரு ஆட்கள் தூக்கக்கூடியவை. மாலையில் கீசாவில் இந்த அளவு நினைவுக்கு வர வேண்டும்.

வடக்குப் பக்கம் செர்தாப் என்ற, கல்லால் கட்டிய சாய்வான சிறு அறையில் இரண்டு துளைகள் இருக்கும். கண்ணை வைத்துப் பார்த்தால் ஜோசரின் சிலை உங்களையே நேராகப் பார்க்கும். அங்கே இருப்பது பிரதி, மூலச்சிலை தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள எகிப்திய அருங்காட்சியகத்தில். பிரமிடின் உட்புறம் 14 ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் திறந்தது. 28 மீட்டர் ஆழமுள்ள பெரிய கிணறுபோன்ற குழியின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதன் அடியில் கிரானைட் சவ அறை தெரியும். பார்க்க 15 நிமிடம் போதும். மொத்தமாக ஜோசர் வளாகத்துக்கு ஒரு மணி நேரம்.

அடுத்து வண்டியில் வடகிழக்கே தேத்தி பிரமிடுக்கு. வெளியே பார்த்தால் ஒரு மணல்மேடு, அவ்வளவுதான். உள்ளே இறங்கும் வழி குட்டையானது, குனிந்துதான் போக வேண்டும், சிரமம் அதிகமில்லை. சவ அறைச் சுவர்களில் செங்குத்து வரிசைகளாகச் செதுக்கியிருப்பவை பிரமிடு உரைகள், இறந்த மன்னர் வானுலகம் ஏறுவதற்கான மந்திரங்கள். கூரை முழுக்க நட்சத்திரங்கள். வரிசைகளுக்கு நடுவே நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் பெயரைத் தேடுங்கள்: இரண்டு அரைவட்ட ரொட்டிகள், ஒரு நாணல் இலை. அதுதான் தேத்தி. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அறை முழுவதும் அந்தப் பெயர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த உரைகளை முதலில் செதுக்கியவர் தேத்திக்கு முந்தைய மன்னரான உனாஸ், ஐந்தாம் வம்சத்தின் கடைசி அரசர், கி.மு. 2350 வாக்கில். அவருடைய பிரமிடு ஜோசர் மதிலுக்குத் தெற்கே உள்ளது. அது திறந்திருந்தால் தேத்தியை விட்டுவிட்டு அதற்கே போங்கள், எழுத்துகளில் நீல வண்ணம் இன்னும் நிற்கிறது. அங்கே தேட வேண்டிய பெயர் முயல், நீரலை, நாணல், மடித்த துணி. இந்த அறையை நன்றாக நினைவில் வையுங்கள், கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் கூஃபுவின் அறையில் நிற்கும்போது தேவைப்படும்.

மஸ்தபாவை எப்படிப் படிப்பது

தேத்தியின் பிரமிடுக்கு எதிரிலேயே மெரெரூகா, காகெம்னி ஆகியோரின் மஸ்தபாக்கள். இருவருமே முதலமைச்சர்கள். உள்ளே போகும் முன் இதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மஸ்தபா என்பது செவ்வக மேடை. தரைக்கு மேலே இருக்கும் அறைகள் உயிரோடு இருப்பவர்கள் வந்து படையல் வைக்க. உடல் இருப்பது தரைக்கு அடியில். செங்குத்துக் குழி ஒன்று அங்கே இறங்கும், அடக்கம் முடிந்ததும் அதைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிவிடுவார்கள். மேலே மேற்குச் சுவரில் பொய்வாசல்: இறந்தவரின் கா என்ற உயிராற்றல் அதன் வழியே வந்து, எதிரிலுள்ள கல்மேசையில் வைத்த உணவை ஏற்கும். சிலைக்கென அடைத்துக் கட்டிய அறை செர்தாப். ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும், தூபமும் வேண்டுதலும் உள்ளே போக. சுவரில் உழவும் அறுவடையும் மீன்பிடிப்பும் செதுக்கியிருப்பது அழகுக்காக மட்டுமில்லை. படையல் வைக்கப் பிள்ளைகள் வராமல் போனாலும் சுவரிலுள்ள தானியமும் மாடும் மீனும் இறந்தவருக்கு உணவாகும் என்று நம்பினார்கள்.

மெரெரூகாவின் கல்லறை முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது. எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பார்க்க முயன்றால் பாதியில் கண் சலித்துவிடும். இவற்றை மட்டும் தேடுங்கள்: நுழைவில் பலகையின் முன் அமர்ந்து பருவகாலங்களைத் தீட்டும் மெரெரூகா, குள்ளர்கள் நகை செய்யும் காட்சி, கணக்குக் கொடுக்காத ஊர்த்தலைவர்களைப் பிடித்து அடிக்கும் காட்சி, கழுதைப்புலியை மல்லாத்திக் கட்டி வாயில் இரை திணிக்கும் காட்சி. கடைசியாகத் தூண்மண்டபம். அங்கே மாடத்திலிருந்து படியிறங்கி வருகிற தோரணையில் ஆளுயரச் சிலையாக அவரே நிற்கிறார். காலடியில் படையல் மேசை.

புடைப்புச் சிற்பத்தைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. விளக்கை நேராக அடித்தால் உருவம் தட்டையாகிவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் சில மில்லிமீட்டர் புடைப்புகூட நிழல் தரும். செல்பேசியில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. விரலின் வியர்வையும் எண்ணெயும் கல்லில் உப்பைக் கிளப்பி வண்ணத்தை உதிர்த்துவிடும். காவலர் ஒருவர் தானாக முன்வந்து மூலையில் எதையாவது காட்டினால் 20 பவுண்டு எதிர்பார்க்கிறார் என்று பொருள். வேண்டாமென்றால் முதலிலேயே “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிடுங்கள். கயிறு கட்டி மூடிய அறையைத் திறந்து காட்டுகிறேன் என்றால் போகாதீர்கள்.

சக்காராவில் ஒரே ஒரு கல்லறை பார்க்கத்தான் நேரம் என்றால் ‘தி’ என்ற அதிகாரியுடையதைச் சொல்வோம். ஐந்தாம் வம்சத்தைச் சேர்ந்தது, படிப் பிரமிடுக்கு வடமேற்கே, செராபியத்துக்குப் பக்கத்தில். அதன் உள்ளறையில் நீர்யானை வேட்டை இருக்கிறது. பின்புலம் முழுவதும் பாப்பிரஸ் தண்டுகள், சுவரின் மேல்வரை செங்குத்துக் கோடுகளாக. மேலே பூக்களுக்கு நடுவே பறவைக் கூடுகள்; குஞ்சுகளைத் தின்ன ஒரு சிறு விலங்கு தண்டில் ஏறுகிறது, தண்டு அதன் எடையில் வளைகிறது. கீழே தண்ணீருக்குள் ஒரு நீர்யானை முதலையைக் கவ்வியிருக்கிறது. நடுவே ‘தி’ படகில் அசையாமல் நிற்கிறார். ஈட்டி எறிவது ஆட்கள்தான். இன்னொரு இடத்தில் மாடுகள் ஆழமில்லாத நீரைக் கடக்கின்றன. இடையன் முதுகில் ஒரு கன்று, தலையைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. நீருக்குள் இருக்கும் மாட்டுக் கால்கள் அலைக்கோடுகளின் வழியே தெரியுமாறு செதுக்கியவர் யாரென்று பெயர் தெரியாது. இந்தச் சுவருக்கு முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

செராபியம் வேறு காலத்தது. ஆப்பிஸ் என்ற புனிதக் காளைகளைப் புதைத்த நிலத்தடிச் சுரங்கம், 1851-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெட் உள்ளே நுழைந்தார். இருபதுக்கும் மேற்பட்ட பெருங்கற்பெட்டிகள், ஒவ்வொன்றும் பல பத்து டன். நேரம் இருந்தால் 20 நிமிடத்தில் பார்த்துவிடலாம். 11 மணி ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள்.

11.30: தாஷூர்

பயண நிறுவனங்களின் ஒருநாள் திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்த இடம்தான். அதனாலேயே இங்கே கூட்டம் இல்லை. நான்காம் வம்சத்தின் முதல் மன்னர் ஸ்னெஃப்ரு, கூஃபுவின் தந்தை, இங்கே இரண்டு பெரும் பிரமிடுகளைக் கட்டினார்.

சிவப்புப் பிரமிடு வாசலுக்கு அருகில் இருந்தாலும் அதைக் கடந்து நேராக வளைந்த பிரமிடுக்கு முதலில் போங்கள், அதுதான் மூத்தது. 54 டிகிரிக்குச் சற்று மேலான சரிவில் எழும்பி, பாதி உயரத்தைத் தாண்டும் முன்பே 43 டிகிரிக்கு மடங்குகிறது. காரணம் அடித்தளம். உறுதியான பாறையில்லாமல் சரளையும் களிமண்ணும் கலந்த நிலத்தில் நின்றதால், எடை ஏற ஏறக் கட்டடம் அமிழ்ந்தது, உள்ளறைகளில் விரிசல் விட்டது. அடியைச் சுற்றி ஓர் உறை கட்டிப் பார்த்தார்கள். உள்ளே தேவதாரு உத்திரங்களை முட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் மேற்பகுதியின் எடையைக் குறைக்கச் சரிவையே மாற்றினார்கள். ஒரு மூலையருகே போய்க் கல்வரிசைகளைக் கவனியுங்கள். கீழ்ப்பகுதியில் கற்கள் உட்புறமாகச் சாய்த்து அடுக்கப்பட்டுள்ளன, படிப் பிரமிடில் கற்றுக்கொண்ட பழைய முறை அது. மேல்பகுதியில் கிடைமட்டமாக அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உட்புறமாகச் சாய்த்தால் உறுதி கூடும் என்று நினைத்தது தவறு, எடை உள்நோக்கித் தள்ளி அறைகளைத்தான் நசுக்கியது. எகிப்தின் எல்லாப் பிரமிடுகளிலும் வெளிப்பூச்சுக் கல் அதிகம் எஞ்சியிருப்பது இதில்தான். வழவழப்பான அந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் முகத்தைப் பார்த்தால் மற்றப் பிரமிடுகளும் ஒருகாலத்தில் எப்படி இருந்தன என்பது விளங்கும்.

இதன் உட்புறமும் 2019 முதல் திறந்திருக்கிறது. சுமார் 79 மீட்டர் நீளமுள்ள குறுகலான இறக்கம். ஆனால் ஒரே நாளில் இதற்குள்ளும் சிவப்புப் பிரமிடுக்குள்ளும் இறங்கினால் கீசாவில் முழங்கால் ஒத்துழைக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் தேர்வு சிவப்பு.

சிவப்புப் பிரமிடு, அடிப்பக்கம் 220 மீட்டர், உயரம் சுமார் 105 மீட்டர். தொடக்கம் முதல் உச்சிவரை 43 டிகிரி, கற்கள் முழுவதும் கிடைமட்டம்; பக்கத்தில் கற்ற பாடத்தை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள். சரியான வடிவம் பெற்ற முதல் பெரும் பிரமிடு இதுதான். உள்ளே போகும் முறை:

1. வடபக்கம் வெளிப்படிகளில் 28 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மேலே சென்றதும் இரண்டு நிமிடம் மூச்சு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். இளைத்துக்கொண்டே உள்ளே இறங்குவதுதான் பலர் பாதியில் திரும்பக் காரணம்.

2. பிறகு 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சரிவு, 27 டிகிரி. நிமிர முடியாது. தரையில் மரப்பலகையும் குறுக்குக் கட்டைகளும் இருக்கும். பின்னோக்கி இறங்கினால், ஏணியில் இறங்குவது மாதிரி, முதுகுக்கு எளிது. கீழிருந்து யாராவது ஏறி வருகிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள், நடுவில் விலக இடம் இல்லை.

3. அடியில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடிக்கும். துணி இங்கேதான் உதவும். ஓரிரு நிமிடத்தில் பழகிவிடும்.

4. முதல் அறையின் கூரையைப் பாருங்கள். இரு பக்கச் சுவர்களும் வரிசைக்கு வரிசை உள்தள்ளி வந்து 12 மீட்டர் உயரத்தில் சந்திக்கின்றன. மேலேயுள்ள கோடிக்கணக்கான கிலோ எடையைத் தாங்கி, 4,500 ஆண்டுகளாக விரிசலின்றி நிற்கிறது. இரண்டாவது அறையும் இதே போன்றது. அங்கிருந்து மரப்படியில் ஏறி மூன்றாவது அறைக்குப் போகலாம். அதன் தரைக்கற்களைக் கொள்ளையர்கள் பெயர்த்துவிட்டதால் பள்ளமாகக் கிடக்கும்.

ஏறும்போது அவசரப்படாதீர்கள், மறுநாள் வலிக்கப்போவது தொடைதான். வெளியே வந்ததும் பிரமிடின் கிழக்குப் பக்கம் போனால், துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய முடிக்கல் தரையில் வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். தொலைவில் கறுப்பாகச் சிதைந்து நிற்பது மூன்றாம் அமெனெம்ஹாத்தின் பிரமிடு, உள்ளே மண்செங்கல்.

மதிய உணவை வண்டியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கி வைத்த தாமியா (அவரை விதை வடை) வைத்த ரொட்டியும், சோறு, பருப்பு, மக்ரோனி, தக்காளிச் சாறு கலந்த கோஷரியும் சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஏற்றவை. வயிறு முட்டச் சாப்பிட்டால் கீசாவில் குனிந்து ஏற முடியாது.

2 மணி: கீசா

மேனா ஹவுஸ் ஓட்டல் பக்கமுள்ள பழைய வாசலை நம்பிப் போகாதீர்கள். 2025 முதல் பயணிகள் ஃபயூம் சாலையிலுள்ள புதிய வாசல் வழியாகப் போகிறார்கள். உள்ளே மின்சாரப் பேருந்துகள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கொண்டுசெல்லும். சொந்த வண்டி உள்ளே வராது. “பழைய வாசல் மூடிவிட்டது, என் ஒட்டகத்தில் வாருங்கள்”, “இந்த டிக்கெட் செல்லாது, காட்டுங்கள்” என்று சாலையிலேயே வண்டியை மறிப்பவர்கள் உண்டு. டிக்கெட்டை வாசல் ஊழியரைத் தவிர யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஒட்டகம் ஏறுவதானால் ஏறுவது, சுற்றுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேச வேண்டும். மேலே உட்கார்ந்த பிறகு இறக்கிவிடத் தனிப் பணம் கேட்பது பழைய வேலை.

நேராகக் கூஃபுவின் பெரிய பிரமிடுக்குப் போங்கள். உட்புறம் வளாகத்துக்கு முன்பே மூடிவிடும், டிக்கெட்டும் தனி. வடபக்கம் நின்று மேலே பார்த்தால், கூம்பு வடிவில் சாய்த்து நிறுத்திய பெருங்கற்கள் தெரியும். அதுதான் கட்டியவர்களின் வாசல். 2023 மார்ச்சில் அந்தக் கற்களுக்குப் பின்னால் 9 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடம் இருப்பதாக அறிவித்தார்கள். நீங்கள் நுழைவது அதற்குக் கீழே, 9-ஆம் நூற்றாண்டில் கலீஃபா அல்-மாமூன் குடைந்ததாகச் சொல்லப்படும் சுரங்கம்.

சுரங்கம் முடிந்ததும் ஏறுவழி: நீளம் 39 மீட்டர், உயரம் 1.2 மீட்டர், சரிவு 26 டிகிரி. ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒரே பாதையில் உரசிக்கொண்டு போக வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துக் கைப்பிடியை இழுத்து ஏறுங்கள். உள்ளே காற்று ஈரமாகவும் சூடாகவும் இருக்கும். ஒவ்வொரு பார்வையாளரும் மூச்சிலும் வியர்வையிலும் சுமார் 20 கிராம் நீரை இங்கே விட்டுச் செல்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஈரம் கல்லிலுள்ள உப்பை வெளியே இழுப்பதால்தான் பிரமிடுகளை அவ்வப்போது மூடிச் சுத்தம் செய்கிறார்கள்.

அடுத்து பெருங்கூடம், 47 மீட்டர் நீளம், 8.6 மீட்டர் உயரம். இங்கே நின்று சுவரை நன்றாகப் பாருங்கள்: ஏழு வரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு கையகலம் உள்தள்ளி வருகின்றன. மதியம் சிவப்புப் பிரமிடில் பார்த்த அதே உத்தி. தந்தை அறைக்குப் பயன்படுத்தியதை மகன் 26 டிகிரி சாய்ந்த வழிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

மன்னர் அறை 10.5 மீட்டருக்கு 5.2 மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் 800 கிலோமீட்டருக்கு அப்பால் அஸ்வானிலிருந்து வந்த கிரானைட். கூரையில் ஒன்பது உத்திரக்கற்கள். தென்சுவருக்கு அருகே அவற்றில் விரிசல் தெரியும். மூடியில்லாத கிரானைட் சவப்பெட்டி ஏறுவழியின் தொடக்கத்தைவிட ஓர் அங்குலம் அளவுக்கு அகலம். ஆக, கூரை போடும் முன்பே அதை உள்ளே வைத்தாக வேண்டும். சுவரில் ஓர் எழுத்து இல்லை. இவ்வளவு சிரமப்பட்டு ஏறி வந்தவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். காலையில் தேத்தியின் அறையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: சுவரில் மந்திரம் எழுதும் வழக்கம் உனாஸ் காலத்தில் வந்தது, கூஃபு அவருக்கு இருநூறு ஆண்டு முந்தையவர். எழுத்து அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தக் கூரைக்கு மேலே எடையைப் பகிர அடுக்கிய ஐந்து சிற்றறைகளில், வேலைக் குழுக்கள் சிவப்பு மையால் தங்கள் குழுப் பெயரைக் கூஃபுவின் பெயரோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பார்வையாளர்கள் போக முடியாது.

வெளியே வந்ததும் கிழக்குப் பக்கம் போங்கள், பலர் அங்கே வருவதே இல்லை. கறுப்பு பசால்ட் தளம் ஒன்று தரையில் பரவிக் கிடக்கும், கூஃபுவின் வழிபாட்டுக் கோயிலில் எஞ்சியது. கற்களின் ஓரங்களில் குனிந்து பார்த்தால் ரம்பத்தால் அறுத்த கோடுகள் தெரியும்; செம்பு ரம்பமும் மணலும் கொண்டு அறுத்தவை. சில இடங்களில் அறுப்பைத் தவறாகத் தொடங்கி, நிறுத்தி, பக்கத்தில் மறுபடி அறுத்திருக்கிறார்கள். அதற்கப்பால் அரசியரின் மூன்று சிறு பிரமிடுகளும் கிழக்கு இடுகாடும். அங்கே கூஃபுவின் பேத்தி மூன்றாம் மெரெசாங்கின் கல்லறைக்குத் தனி டிக்கெட் உண்டு. பாறையிலேயே வெட்டிய பத்துப் பெண் சிலைகள் வரிசையாக நிற்கும் அந்த அறையைக் கீசாவில் கட்டாயம் பார்க்க வேண்டியவற்றில் சேர்ப்போம். பெரிய பிரமிடுக்குள் போக விரும்பாதவர்கள் அந்தச் செலவில் இதைப் பார்க்கலாம்.

கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடு உயரத்தில் கூஃபுவினதைவிட மூன்று மீட்டர் குறைவாகக் கட்டப்பட்டது. மேடான பாறையில் நிற்பதாலும் உச்சியில் பூச்சுக்கல் எஞ்சியிருப்பதாலும் அதுவே பெரிதாகத் தோன்றும். மென்காவுரேயின் பிரமிடு 65 மீட்டர். வடமுகத்தில் இருக்கும் வெட்டுக்காயம் 1196-இல் சுல்தான் சலாகுத்தீனின் மகன் அல்-அஜீஸ் உத்மான் பிரமிடைப் பெயர்த்தெடுக்க முயன்று கைவிட்டதன் தழும்பு. இந்த இரண்டையும் பேருந்திலிருந்து இறங்கி வெளியே பார்த்தால் போதும். கல்லில் ஏறாதீர்கள், அது சிறைத்தண்டனை வரை போகும் குற்றம்.

கடைசி நிறுத்தம் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ் சிலை, மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். காஃப்ரேயின் பள்ளத்தாக்குக் கோயில் வழியாகத்தான் மேடைக்குப் போக வேண்டும். அந்தக் கோயிலின் கிரானைட் சுவர்களில் மூலைகளைக் கவனியுங்கள்: இரண்டு கற்கள் மூலையில் சந்திக்காமல், ஒரே கல்லே மூலையைத் திரும்பிப் போகும். ஸ்ஃபிங்ஸ் 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம், ஒரே பாறைத் திட்டில் வெட்டியது. உடலில் வரிவரியாகத் தெரியும் அரிப்பு பாறையின் மென்மையான அடுக்குகள். தலை இருக்கும் அடுக்கு கடினமானதால் முகம் தப்பித்திருக்கிறது.

ஓட்டுநரை எந்த வாசலில் நிற்கச் சொல்வது என்பதை உள்ளே நுழையும் முன்பே வாசல் ஊழியரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நுழைந்த ஃபயூம் வாசலும் ஸ்ஃபிங்ஸும் வளாகத்தின் இரு கோடிகள். பேருந்து நின்றபிறகு அவ்வளவு தூரம் மணலில் நடக்க அன்று யாருடைய காலிலும் தெம்பு இருக்காது. கீசாவுக்குப் பக்கத்திலேயே உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தை அன்று மாலையே பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். கூஃபுவின் 43 மீட்டர் தேவதாருப் படகும் துத்தன்காமுனின் மொத்தப் புதையலும் அங்கே இருக்கின்றன. அதற்கு மறுநாள் காலைக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு, அன்று இரவு காலை நீட்டிப் படுங்கள்.